ஜாயின்ட் செக்ரட்டரி வீட்டு முழங்கால்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தில்லியே டெலிவிஷன் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து ஹிந்திப் படம் பார்க்கும். சுந்தரவல்லி மட்டும் அந்தப் பெட்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பண்டாரா ரோட்டில் ஜாயின்ட் செக்ரட்டரி ராஜாராமன் வீட்டு ஹால் அது. அவளுக்கு உட்கார ஒரு பிரம்பு மோடா. எதிரே சோபாவில் ராஜாராமனின் மனைவி விசாலாக்ஷி மாமி. இரண்டு பேருக்கும் நடுவே ஸ்டூலின் மேல் துண்டு விரித்து நீட்டியிருக்கும் மாமியின் வலது முழங்கால்.

சுந்தரவல்லி டப்பாவைத் திறந்து, வெண்மையான ஜெல்லை இரண்டு விரலால் எடுத்து மூட்டைச் சுற்றி வட்டமாகத் தேய்ப்பாள். ஹால் முழுக்க நொச்சி மணக்கும். அவள் முதுகுக்குப் பின்னால் படத்தில் யாரோ அழுவார்கள், உடனே யாரோ பாடுவார்கள். மாமி பார்வையைத் திருப்பாமலே, இன்னும் கொஞ்சம் உள்பக்கமாக என்பாள். எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரியில் முதல் வகுப்பு வாங்கியவள் உள்பக்கமாகத் தேய்ப்பாள்.

கால் பிடித்துவிடுவது மட்டமான காரியம் என்று சொல்ல வரவில்லை. சம்பளத்துக்குச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், பிரியத்துக்குச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். சுந்தரவல்லி செய்தது ஒரு ஃபைலுக்காக.

அவள் கணவன் பட்டாபி, ராஜாராமனின் இலாகாவில் சூப்பரின்டெண்டென்ட். ஏஷியாட் விளையாட்டுகள் முடிந்து, புது ஃப்ளை ஓவர்களின் மேல் ஜனங்கள் வேடிக்கைக்காக ஸ்கூட்டர் ஓட்டிக்கொண்டிருந்த வருஷம், அவனை ஷில்லாங் ஆபீசுக்கு மாற்றி ஆர்டர் வந்தது. பட்டாபி குளிரையும் மழையையும் சொல்லிப் புலம்பினான். சுந்தரவல்லி புலம்பவில்லை. அவள் பயந்தது வேறொன்றுக்கு. கல்யாணமாகி எட்டு வருஷம் சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் சப்பாத்தி இட்டுக்கொண்டு, படித்ததெல்லாம் துருப்பிடித்துப் போயிற்று என்று அவள் முடிவு கட்டியிருந்த நேரத்தில்தான் ஒரு அரசாங்க ஆராய்ச்சிக் கூடத்தில் தாற்காலிக உதவியாளராக வேலை கிடைத்திருந்தது. ஷில்லாங்கில் அவளுக்கு என்ன இருக்கிறது? மறுபடியும் ஒரு குவார்ட்டர்ஸ், மறுபடியும் சப்பாத்திக் கட்டை.

அந்த வேலையை அவள் எவ்வளவு நேசித்தாள் என்பது பட்டாபிக்குத் தெரியாது. அவனிடம் சொன்னால் சிரிப்பான் என்று அவளும் சொல்லவில்லை. மூட்டு வீக்கத்துக்கு நொச்சி எண்ணெய் சேர்த்த ஜெல் செய்துபார்ப்பதுதான் அங்கே ஆராய்ச்சி. கூடை கூடையாக இலையைப் போட்டு ஆவியில் வடித்தால், கடைசியில் கண்ணாடிக் குழாயின் தலையில் ஒரு பாலாடை அளவுகூட எண்ணெய் மிதக்காது. அதைப் பொன்னைப் போலப் பிடித்து வைப்பாள். ஜெல்லுக்கான வெள்ளை மாவைத் தண்ணீரில் தூவிக் கலக்கி, சொட்டுச் சொட்டாகக் காரக் கரைசல் விட்டால், கஞ்சித் தண்ணி மாதிரி இருந்தது கண்ணெதிரே இறுகிப் பளபளவென்று நிற்கும். தினமும் பார்த்தாலும் தினமும் அவளுக்கு அது ஆச்சரியம்தான்.

கூடத்தின் தலைவர் டாக்டர் ஏகாம்பரம், காஞ்சிபுரத்துக்காரர். சாமான்களில் கறார். முந்தின வருஷம் ஒரு அட்டெண்டர் ஒரு சின்ன பாட்டில் ஸ்பிரிட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனதற்கு, அன்று மத்தியானமே அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். தாற்காலிக உதவியாளருக்கு மத்தியானம்வரைகூட அவகாசம் கிடைக்காது. அது சுந்தரவல்லிக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும்தான் எடுத்தாள்.

எடுக்க வைத்தது பட்டாபியின் வாய். ஜாயின்ட் செக்ரட்டரி வீட்டு அம்மாளுக்கு முழங்கால் வீங்கிக் கிடக்கிறது, படி ஏற முடியவில்லை என்று ஆபீசில் பேச்சு வந்ததும், என் மனைவி அதற்குத்தான் சார் மருந்து கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறாள் என்று அளந்துவிட்டு வந்துவிட்டான். வீட்டுக்கு வந்து, ஒரே ஒரு டப்பா என்று அவள் பின்னாலேயே அடுக்களைக்கும் கூடத்துக்குமாக நடந்தான். முடியாது என்று அவள் ஒரு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். பிறகு ஷில்லாங்கை நினைத்தாள்.

இங்கேதான் அந்தத் தப்பு நடந்தது. அதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும்.

ஆராய்ச்சிக்கு மூன்று வகை ஜெல் இருந்தது. ஒன்று, நொச்சி எண்ணெய் சேர்த்தது. இரண்டாவது, ஒன்றுமே சேர்க்காத வெறும் ஜெல். மூன்றாவது, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வீரியமான ஸ்டீராய்டு மருந்து சேர்த்தது. ஒரு டிஸ்பென்சரிக்கு வருகிற மூட்டுவலிக்காரர்களுக்கு சுந்தரவல்லிதான் தடவிவிடுவாள். எது எதுவென்று தடவுகிறவளுக்கும் தெரியக் கூடாது, தடவிக்கொள்கிறவர்களுக்கும் தெரியக் கூடாது. அதனால் ஏகாம்பரமே தனியாக டப்பாக்களில் நிரப்பி, வெறும் எண் மட்டும் எழுதி ஒட்டுவார். ஏற்பாடெல்லாம் சரிதான். ஆனால் மூடியைத் திறந்தால் நொச்சி ஊரைக் கூட்டும். மற்ற இரண்டும் மணக்காது.

சுந்தரவல்லி நேர்மையாகப் போய் இதை ஏகாம்பரத்திடம் சொன்னாள். எனக்கு மூக்கு இருக்கிறதே சார், நான் எப்படித் தெரியாத மாதிரி இருப்பது என்றாள். அவர் அச்சா, பார்க்கலாம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் பேப்பர் படிக்கப் போய்விட்டார். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

ஆகவே மாமிக்காக அலமாரியைத் திறந்த அன்று, அவள் மூக்கைத்தான் நம்பினாள். முதல் டப்பாவின் மூடியைத் திருகினாள். நொச்சி மணந்தது. இரண்டாவதைத் திறந்து பார்க்க அவளுக்குத் தோன்றவில்லை. தேடியது கிடைத்துவிட்டது, இன்னும் எதற்குத் தேட வேண்டும்? டப்பாவின் எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டு, கைப்பைக்குள் டிபன் பாக்ஸுக்கு அடியில் செருகிக்கொண்டாள். வெளி கேட்டைத் தாண்டும்வரை கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தாள்.

மாமியின் முழங்கால் வீக்கம் மளமளவென்று வடிந்தது. மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை மாமி தானே வாசல்வரை நடந்து வந்து கதவைத் திறந்தாள். அடுத்த வாரம் பட்டாபி ஆபீசிலிருந்து ஜிலேபிப் பொட்டலத்தோடு வந்தான். ஆர்டரை அபேயன்ஸில் வைத்திருக்கிறார்களாம். அரசாங்க பாஷையில் அதற்கு அர்த்தம், ஆர்டர் ரத்தும் இல்லை, அமலும் இல்லை, பரணில் தூங்குகிறது. யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் எழுப்பலாம். பட்டாபிக்கு அந்தக் கடைசிப் பகுதி உறைக்கவில்லை. ஜிலேபியை வாயில் போட்டுக்கொண்டான்.

முதலில் டப்பாவை மட்டும் கொடுத்துவிட்டு வருவதாக இருந்தது. எப்படித் தடவுவது என்று ஒரு தடவை காட்டு என்றாள் மாமி. காட்டினாள். உன் கைப்பக்குவம் எனக்கு வரவில்லை என்றாள் அடுத்த வாரம். அதற்கடுத்த வாரத்திலிருந்து கேட்கவே இல்லை, ஸ்டூல் தயாராக இருந்தது. மற்ற நாட்களில் மாமி தானே தடவிக்கொண்டாள், டப்பா தீர்ந்தால் சுந்தரவல்லி அதே எண்ணில் இன்னொன்று கொண்டுவந்தாள். மாமி கெட்டவள் இல்லை. அதுதான் பெரிய சங்கடம். காபி கொடுப்பாள், கிளம்பும்போது தட்டையோ முறுக்கோ கட்டிக் கொடுப்பாள், அமெரிக்காவில் இருக்கிற மகளைப் பற்றிச் சொல்வாள். உன்னைப் பார்த்தால் அவளைப் பார்க்கிற மாதிரி இருக்கிறது என்பாள். இப்படிச் சொல்கிறவளிடம் அடுத்த வாரம் வர மாட்டேன் என்று எந்த வாயால் சொல்வது? பட்டாபியின் அக்கா மகள் கல்யாணம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கரோல்பாகில் நடந்தது. சுந்தரவல்லி முகூர்த்தச் சாப்பாடு முடிந்த கையோடு பட்டுப்புடவையோடு பஸ் பிடித்து முழங்காலுக்குப் போனாள்.

மழைக்காலம் ஆரம்பித்த சமயத்தில் அந்த நீலக் கன்றலைப் பார்த்தாள்.

மூட்டுக்குப் பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்குக் கன்றிப் போயிருந்தது. என்ன மாமி, எங்கேயாவது இடித்துக்கொண்டீர்களா என்று கேட்டாள். இல்லையே, வளையல் பட்டிருக்கும் என்றாள் மாமி. வளையல் பட்டா இப்படிக் கன்றும்? சுந்தரவல்லி விளக்குப் பக்கமாகக் காலைத் திருப்பிப் பார்த்தாள். ஜெல் தடவிய இடத்தில் மட்டும் தோல் வெங்காயச் சருகு மாதிரி மெலிந்து, அடியில் சிவப்பு நரம்புகள் இழை இழையாகத் தெரிந்தன. நொச்சி எண்ணெய் இந்த வேலையைச் செய்யாது. எது செய்யும் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்ததை அன்று முழுக்க நம்ப மறுத்தாள்.

மறுநாள் ஏகாம்பரத்திடம் சுற்றி வளைத்துப் பேச்சுக் கொடுத்தாள். சார், மூக்கு விஷயம் ஒன்று சொன்னேனே, அதற்கு ஏதாவது வழி செய்ய வேண்டாமா?

ஏகாம்பரம் கண்ணாடியைக் கழற்றிச் சிரித்தார். "செஞ்சாச்சும்மா. வெறும் ஜெல்லு, ஸ்டீராய்டு ஜெல்லு ரெண்டுலயும் நாலு நாலு சொட்டு நொச்சி விட்டுட்டேன். நீங்க சொன்ன மறுவாரமே. உங்ககிட்ட சொன்னா உங்க முகமே காட்டிக்கொடுத்துடும், அதான் சொல்லல. எப்படி, இத்தனை நாளா கண்டுபிடிக்கலையே நீங்க?"

இல்லை சார் என்றாள். டிஸ்பென்சரியில் எந்த டப்பாவைத் திறந்தாலும் மணந்ததை, நாள் முழுக்க நொச்சி வடிக்கிற தன் கையின் மணம் என்றே அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். அவருக்குப் பெருமை தாங்கவில்லை, ஒரு டீ வரவழைத்துக் கொடுத்தார்.

அன்று மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போனபின், முந்தின நாள் மாமியின் டப்பாவிலிருந்து தாளில் வழித்து மடித்துக் கொண்டுவந்திருந்த துளியைக் கரைத்து, சிலிக்கா பூசிய கண்ணாடித் தகட்டில் புள்ளி வைத்தாள். பக்கத்தில் சுத்தமான நொச்சி எண்ணெய் ஒரு புள்ளி, ஸ்டீராய்டு மருந்து ஒரு புள்ளி. தகடு கரைப்பானை உறிஞ்சி முடித்ததும் இருட்டு அறையில் புற ஊதா விளக்கின் அடியில் வைத்தாள். மாமியின் டப்பாவும் ஸ்டீராய்டும் ஒரே உயரத்தில் இரண்டு கறுத்த பொட்டுகளாக நின்றன. ஒரே உயரம் என்றால் ஒரே மருந்து. அவள் தகட்டைக் கழுவிக் கவிழ்த்தாள்.

அப்போது அவளுக்கு வந்தது பயம்தான், குற்ற உணர்வு அப்புறம் வந்தது. இதை ஒளிப்பதில் அர்த்தமில்லை. மாமியிடம் உண்மையைச் சொன்னால், தூங்குகிற ஆர்டர் அன்றைக்கே எழுந்து உட்காரும். அதோடு ஏகாம்பரத்துக்கு ஒரு போன் போகும். இரண்டில் எது நடந்தாலும் அவள் மறுபடி அந்தக் கண்ணாடிக் குழாய்க்கு முன்னால் நிற்கப்போவதில்லை. சொல்லாவிட்டாலோ, வாராவாரம் தன் கையாலேயே ஒருத்தியின் தோலை உரித்துக்கொண்டிருக்க வேண்டும். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்.

பட்டாபியிடம் சொன்னாள். அவன் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தான். பிறகு ஃபைல் பார்க்கிறவனுக்கே உரிய சாமர்த்தியத்தோடு, "இப்போ வாயைத் திறக்காதே, வல்லி. முதல்ல ஆர்டர் கேன்சல் ஆகட்டும். அப்புறம் நீ என்ன வேணா சொல்லிக்கோ" என்றான்.

"அதுக்குள்ள அந்த மாமி கால் என்னாறது?"

பட்டாபி சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். கால் அதுபாட்டுக்கு இருக்கும் என்றான். அவளுக்கு அவனை அறையலாம் போல இருந்தது. எழுந்துபோய் ரேஷன் அரிசியில் கல் பொறுக்கினாள்.

மூன்றாவது வழி ஒன்று அரிசி பொறுக்கும்போதுதான் தோன்றியது. வெறும் ஜெல் செய்வது. மருந்து இல்லை, எண்ணெயும் மணத்துக்கு மட்டும் இரண்டு சொட்டு. மாமிக்கு வித்தியாசம் தெரியாது. ஒரு மாசத்தில் தோல் தேறும். மருந்து இல்லாததால் வலி திரும்பி வரும். வந்தால், உன் மருந்து அவ்வளவுதான் போ என்று மாமியே அலுத்துப்போய் வேறு டாக்டரிடம் போவாள். யாரும் யாரையும் காட்டிக்கொடுக்க வேண்டாம், ஞாயிற்றுக்கிழமையும் திரும்பிக் கிடைக்கும். ஒரு பொய்யை இன்னொரு பொய்யால் துடைக்கிறோம் என்று தெரிந்தது. இருந்தாலும் இந்தப் பொய்யால் யார் தோலும் கெடாது.

அடுத்த ஞாயிறு பழைய டப்பாவை வாங்கிக்கொண்டு புதியதைத் திறந்தாள். அதே நிறம், அதே மணம். தேய்த்தாள். வலி எப்போது வரும் என்று காத்திருக்க ஆரம்பித்தாள். ஒரு மனுஷிக்கு வலி வரட்டும் என்று வாராவாரம் வேண்டிக்கொண்டு அவள் காலையே இதமாகத் தேய்த்துவிடுகிற பாவத்தை எங்கே போய்ச் சொல்ல?

தோல் தேறியது. கன்றல் மஞ்சளாகி மறைந்தது. அதில் அவளுக்கு நிஜமாகவே சந்தோஷம், பஸ்ஸில் வரும்போது தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள். ஆனால் வலி வரவில்லை. மாமி லோதி தோட்டத்தில் காலையில் நடக்கப் போகிறாள் என்று பட்டாபி சொன்னான். இந்தப் புது டப்பா முன்னதைவிடப் பேஷாக இருக்கிறது என்று மாமியே சொன்னாள். டிஸ்பென்சரியிலும் அதே கதைதான், எந்த எண் டப்பாவானாலும் முக்கால்வாசிப் பேர் தேவலை தேவலை என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஏகாம்பரம் தலையைச் சொறிந்துகொண்டிருந்தார்.

அக்டோபரில் அவளுக்கு ஜுரம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எழுந்திருக்க முடியவில்லை. பட்டாபி பக்கத்து மளிகைக் கடைக்குப் போய் மாமிக்குப் போன் செய்து சொல்லிவிட்டு வந்தான். அப்பாடா என்று அவள் போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள். சாயங்காலம் குவார்ட்டர்ஸ் வாசலில் வெள்ளை அம்பாசடர் வந்து நின்றது. கிரிக்கெட் ஆடிய பிள்ளைகள் ஆட்டத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். டிரைவர் மாடி ஏறி வந்து, மேம் சாப் வண்டி அனுப்பியிருக்கிறார், பஸ்ஸில் சிரமப்பட வேண்டாம் என்று சொன்னார் என்றான்.

போகாதே என்று ஒரு வார்த்தை சொல்வானா என்று சுந்தரவல்லி பட்டாபியைப் பார்த்தாள். அவன் சால்வையை எடுத்துக்கொண்டு வந்து நீட்டினான்.

பின் சீட்டில் தனியாக உட்கார்ந்து போகும்போது அவளுக்கு உள்ளே ஏதோ அறுந்துபோயிற்று. ஷில்லாங்கானால் ஷில்லாங். சப்பாத்திக் கட்டையானால் சப்பாத்திக் கட்டை. அங்கேயாவது ஞாயிற்றுக்கிழமை தன்னுடையதாக இருக்கும்.

ஸ்டூல், துண்டு, முழங்கால் எல்லாம் தயாராக இருந்தன. அவள் மோடாவில் உட்கார்ந்து, டப்பாவைத் திறக்காமல் மடியில் வைத்துக்கொண்டாள். எல்லாவற்றையும் சொன்னாள். திருட்டு டப்பா, ஸ்டீராய்டு, கன்றிய தோல், இப்போது தடவுகிற வெறும் ஜெல், ஒன்றையும் பூசி மெழுகவில்லை. மாமி எழுந்துபோய் டெலிவிஷனின் சத்தத்தைக் குறைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். எழுந்ததும் நடந்ததும் உட்கார்ந்ததும் துளி முனகல் இல்லாமல் நடந்தது.

"அப்போ மூணு மாசமா இதுல மருந்தே கிடையாதா?"

"கிடையாது மாமி. வாசனை மட்டும்தான்."

மாமி முழங்காலைத் தொட்டுப் பார்த்தாள். மடக்கினாள், நீட்டினாள். இடி விழப்போகிறது என்று சுந்தரவல்லி கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். விழட்டும், விழுந்து தொலையட்டும் என்று காத்திருந்தாள்.

"அசடு. இதுக்குப் போயா இத்தனை நாள் மனசுக்குள்ள வச்சிண்டு தவிச்சே?" மாமியின் குரல் கனிந்திருந்தது. "டப்பாவைக் குப்பையில போடு. எனக்கு அப்பவே தெரியும், குணம் உன் கையிலதான் இருக்கு. அடுத்த வாரத்துலேருந்து தேங்காயெண்ணெயை நானே காய்ச்சி வச்சுடறேன். நீ வெறுங்கையோட வந்தா போறும்."

சுந்தரவல்லி நிமிர்ந்து பார்த்தாள். "அவரோட ஆர்டர், மாமி..." என்றாள்.

"அதைப் பத்தி நீ ஏன் கவலைப்படறே? மாமாகிட்ட நான் சொல்றேன். அது இப்போ எப்படி இருக்கோ அப்படியே இருக்கும். நீயும் இங்கேயே இருப்பே. உன் லேப்லயும் யாருக்கும் ஒண்ணும் தெரிய வேண்டாம், சரியா?"

மாமி சோபாவில் சாய்ந்துகொண்டு, வலது காலை எடுத்துக் கீழே வைத்தாள். இடது காலை ஸ்டூலின் மேல் நீட்டினாள். நடந்து நடந்து இதிலும் லேசாக வலி எடுக்க ஆரம்பித்திருக்கிறது என்றாள். சுந்தரவல்லி மடியிலிருந்த டப்பாவைக் கீழே வைத்தாள். பிறகு அந்தக் காலின் மேல் கையை வைத்தாள்.

"கை இப்படிச் சுடறதே, ஜுரம் இன்னும் விடலையா?" என்றாள் மாமி. ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டாள். "ஆனா ஒண்ணு, சூடா இருந்தா முட்டிக்கு ரொம்ப இதமா இருக்கு."